மூன்றாம் கட்டில்காரரும் டென்மார்க்காரரும்

எங்கள் டயாலிசிஸ் அறையில் ஆறு கட்டில்கள். ஜன்னலோரம் இருக்கும் முதல் கட்டில் கணக்கு டீச்சருடையது. இரண்டாவது என்னுடையது. மூன்றாவது கட்டிலுக்கு ஒரு குளிர்கால முடிவில் வந்து சேர்ந்தவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். நாற்பத்தேழு வயது. ஊரில் இருக்கிற பாதி லிஃப்ட்டுகளின் வயிற்றுக்குள் இருபத்திரண்டு வருஷமாகப் போய் வந்தவர். லிஃப்ட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மாடி போனால் போதும், எது தேய்ந்திருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார் என்று கம்பெனியில் அவருக்குப் பெயர். அப்படிப்பட்டவர் தன் உடம்புக்குள் ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனதைக் கேட்காமல் விட்டுவிட்டார். ஒருநாள் பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தின் உச்சியில் மோட்டார் அறைக்குப் படியேறும்போது மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கி ஷூவைக் கழற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், இரண்டு சிறுநீரகங்களும் ஏற்கெனவே கையை விரித்திருந்தன.

ஊசி ஏற்றுவதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துச் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்தார்கள். அந்தக் கையால் இனிமேல் கனமான எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு மெக்கானிக்கிடம் இதைவிட மோசமாக ஒன்றைச் சொல்ல முடியாது. அதோடு வேலையும் போயிற்று.

எங்கள் அறைக்கு வந்த முதல் இரண்டு மாதம் அவர் வாய் திறக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள், மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை எங்கள் முறை. வாசலில் எடை பார்ப்போம், கட்டிலில் படுப்போம், சிஸ்டர் வந்து இரண்டு ஊசி குத்துவார், மெஷின் ஓடும். லிஃப்ட்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சில வாரம் மூன்றாவது நாள் வரவே மாட்டார். சிஸ்டர் அவர் மனைவிக்குப் போன் போடுவார். அந்தம்மா ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்தும் வேலை பார்ப்பவர். வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, அவரைக் கிளப்பிக் கூட்டி வருவார். "வந்து என்ன ஆகப்போகுது?" என்று அவர் முனகுவது எங்கள் காதில் விழும்.

டி.வி. ரிமோட் டீச்சர் கையில்தான் இருக்கும். முப்பத்துநாலு வருஷம் வடிவியல் கற்றுக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருக்குச் சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். மைதானத்தில் சுற்றுவது அல்ல. ஊர் விட்டு ஊர், மலை ஏறி இறங்கி, நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் ஓட்டுகிற ரோட்டுப் பந்தயம். "நமக்கும் நாலு மணி நேரம், அவங்களுக்கும் நாலு மணி நேரம். இதைவிடப் பொருத்தமா வேற எதைப் பார்க்கிறது?" என்பார். எனக்கு ஆரம்பத்தில் ஒன்றும் புரியவில்லை. பிறகு, தலைவனுக்காக நாள் முழுக்க முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொண்டு, கடைசியில் பெயரே இல்லாமல் பின்தங்கும் துணை ஓட்டக்காரர்கள் மேல் எனக்குப் பிடிப்பு வந்துவிட்டது. முப்பது வருஷம் டாக்ஸி ஓட்டியவன் நான். அந்த வேலை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் மாதம் ஒருநாள், முந்தின நாள் நடந்த விபத்தை டி.வி.யில் திரும்பக் காட்டினார்கள். இறக்கத்தில் ஒரு வளைவு. ஏழெட்டுப் பேர் மொத்தமாகச் சறுக்கிப் போய் ஓரத்துக் கால்வாயில் விழுந்தார்கள். ஒருவன் அசையாமல் கிடந்தான். கழுத்துக்குப் பட்டை போட்டு ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். டீச்சர் சத்தத்தைக் கூட்டினார். அப்போதுதான் சுவர்ப் பக்கமிருந்து முகம் திரும்பியது.

"அந்த ஆளு பிழைச்சானா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"பிழைச்சுட்டான். டென்மார்க்காரன். போன ரெண்டு வருஷமும் பெரிய பந்தயத்தை ஜெயிச்சவன். இந்த வருஷம் அவ்வளவுதான் போலிருக்கு."

"அவ்வளவுதான்னு யாரு சொன்னா?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பேச வருமா உங்களுக்கு?"

அதற்கு அடுத்த முறை அவர் தானாகவே வந்தார். ஊசி ஏறுவதற்கு முன்பே, "டென்மார்க்காரன் எப்படி இருக்கான்?" என்றார். டீச்சர் செய்தி சேகரித்து வைத்திருந்தார். நுரையீரல் சுருங்கியிருக்கிறது, காறை எலும்பு முறிந்திருக்கிறது, விலா எலும்புகளும் முறிந்திருக்கின்றன. அதற்கும் அடுத்த வாரம், இன்னும் ஆஸ்பத்திரியில்தான். பிறகு, வீட்டுக்குப் போய்விட்டான். பிறகு, வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது நாள் வராமலிருக்கும் பழக்கம் எந்த வாரத்தில் நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. சிஸ்டர் மட்டும் ஒருநாள் என்னிடம், "போன் பண்ணி ஒரு மாசம் ஆச்சு அண்ணே" என்றார்.

அப்புறம் தொடங்கியதுதான் அந்த வழக்கு. இந்தக் காலத்து ஓட்டக்காரர்களில் யார் அதிகத் திறமைசாலி? முதல் கட்டிலுக்கும் மூன்றாம் கட்டிலுக்கும் நடுவில் நான் படுத்திருந்ததால் முழு வழக்கும் என் மூக்குக்கு மேலேதான் நடந்தது.

டீச்சரின் ஆள் ஸ்லோவேனியாக்காரன். "இருபத்திரண்டு வயசு நிறையறதுக்கு முந்தின நாள் பெரிய பந்தயத்தை ஜெயிச்சவன். மலையைக் கொடுத்தாலும் ஓட்டுவான், கல்லு பதிச்ச ரோட்டைக் கொடுத்தாலும் ஓட்டுவான், மூணு வாரப் பந்தயம், ஒருநாள் பந்தயம், எதைக் கொடுத்தாலும் ஓட்டுவான். எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் போடுறவன்தானே கெட்டிக்காரன்?"

"அவனையே ரெண்டு வருஷம் தொடர்ந்து தோற்கடிச்சவன் என் ஆளு" என்பார் லிஃப்ட்காரர். "காலையில மீன் கம்பெனியில வேலை பார்த்துட்டு, மத்தியானம் பயிற்சி எடுத்தவன். உங்க ஆளுக்கு எல்லாமே பொறக்கும்போதே கொடுத்து அனுப்பிட்டாங்க. என் ஆளு ஒவ்வொண்ணா பொருத்தி எடுத்தவன்."

"பொருத்தி எடுக்கிறதுக்குப் பேரு உழைப்பு. நாம பேசுறது திறமையை."

"உழைக்கத் தெரியிறது திறமை இல்லையா டீச்சர்?"

சிஸ்டர் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரும் சும்மா இருங்க. நெதர்லாந்துக்காரன்தான். சேத்துல ஓட்டி உலகப் பட்டம், ரோட்டுல ஓட்டி உலகப் பட்டம், ஒரே வருஷத்துல" என்று தன் பங்குக்குப் போட்டுவிட்டுப் போவார். நான் துணை ஓட்டக்காரர்களைப் பற்றி ஆரம்பித்தால், இருவரும் ஒற்றுமையாக, "டாக்ஸி, நீங்க தூங்குங்க" என்பார்கள்.

வாக்குவாதத்தால் உடம்புக்கும் ஒரு நன்மை நடந்தது. எங்களுக்கெல்லாம் சிறுநீர் சரியாகப் போகாது; குடிக்கிற தண்ணீர் அப்படியே எடையாக நிற்கும். இரண்டு நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது. லிஃப்ட்காரர் சர்வ சாதாரணமாக நாலு கிலோ ஏற்றிக்கொண்டு வருவார். ஒருநாள் அவர் எடை மெஷினில் நிற்கும்போது டீச்சர் கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"உங்க டென்மார்க்காரன் மொத்தமே அறுபது கிலோ. மலை ஏறணும்னா அரைக் கிலோகூட அவனுக்குப் பாரம். நீங்க நாலு கிலோவைச் சுமந்துட்டு வந்து அவனுக்காக வாதாடுறீங்களே, வெக்கமா இல்ல?"

அதற்கடுத்த வாரம் ஏற்றம் மூன்றானது. ஜூனில் ஒன்றே முக்கால். சிஸ்டர் அந்த எண்ணைப் பலகையில் எழுதி, கீழே கோடு வேறு போட்டார்.

ஜூன் நடுவில் பிசியோதெரபி டாக்டர் ஒரு சாதனம் கொண்டுவந்தார். கட்டிலின் கால்மாட்டில் மாட்டும் இரண்டு பெடல். படுத்தபடியே மிதிக்கலாம், கால் சதை கரையாது, அசதி குறையும் என்றார். முதல் இரண்டு மணி நேரத்துக்குள்தான் மிதிக்க வேண்டும். அதற்குப் பிறகு உடம்பிலிருந்து தண்ணீர் நிறைய இறங்கியிருக்கும், ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். மற்றவர்கள் தயங்கினார்கள். லிஃப்ட்காரர் அதைத் தன் கால்மாட்டில் மாட்டச் சொல்லி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "வலது பக்க பேரிங் காய்ஞ்சு கிடக்கு. எண்ணெய் விடாம ஓட்டாதீங்க" என்றார். மறுமுறை சட்டைப் பையில் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பியோடு வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இருபது நிமிஷம், பிறகு முப்பது. டீச்சரும் பத்து நிமிஷம் மிதிப்பார்.

ஜூலையில் அந்தப் பெரிய பந்தயம், மூன்று வாரப் பந்தயம், வந்தது. விழுந்து மூன்று மாதம்கூட ஆகாத டென்மார்க்காரன் வரிசையில் வந்து நின்றான். லிஃப்ட்காரர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "வந்துட்டான் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

"வரலாம். ஆனா உங்க ஆளு இனிமே பழைய ஆளு இல்ல" என்றார் டீச்சர்.

இந்த வார்த்தை அவருக்கு எங்கே போய்க் குத்தியது என்று டீச்சருக்கு அப்போது தெரியாது. எனக்கும் தெரியாது.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், மலைகளுக்கு நடுவே, இன்னும் முப்பது கிலோமீட்டர் இருக்கும்போது ஸ்லோவேனியாக்காரன் எல்லாரையும் உதறிவிட்டுப் பறந்தான். டென்மார்க்காரன் பின்தங்கினான். "முடிஞ்சது கதை" என்று டீச்சர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

எங்களுக்கு அப்போது மூன்றாவது மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் ஆறாம் கட்டிலில் இருந்தார். லிஃப்ட்காரர் கழற்றாமல் விட்டிருந்த பெடலில் சத்தமில்லாமல் காலை வைத்தார். எண்ணெய் விட்ட பெடல். சத்தம் வரவும் இல்லை. திரையில் டென்மார்க்காரன் ஒவ்வொரு விநாடியாக இடைவெளியைக் குறைத்தான். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். நான் பார்த்தேன். "வேண்டாம் தம்பி" என்று சொல்ல வாயெடுத்து, திரையைப் பார்த்ததில் சொல்ல மறந்துவிட்டேன். அது என் தப்புதான். டென்மார்க்காரன் எட்டிப் பிடித்தான். இருவரும் ஒன்றாகவே கடைசிவரை வந்தார்கள். கோட்டுக்கு முன்னால் தோளுக்குத் தோள் போட்டியிட்டு, அரைச் சக்கர வித்தியாசத்தில் டென்மார்க்காரன் ஜெயித்தான்.

நான் திரும்பிப் பார்த்தேன். லிஃப்ட்காரர் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கண் மேலே சொருகியிருந்தது. மெஷின் அலறியது.

சிஸ்டர் ஓடிவந்து தலைப்பக்கத்தைக் கீழே சாய்த்து, காலைத் தூக்கி, தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் ஏற்றினார். ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ. எனக்கு அது ஒரு மலைப் பந்தயம் அளவுக்கு நீளமாக இருந்தது. அவர் கண் திறந்தபோது டி.வி.யில் டென்மார்க்காரன் பேட்டி கொடுக்க முடியாமல் அழுதுகொண்டிருந்தான்.

அவர் மனைவி வந்தார். கடையில் போடும் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. குரலை உயர்த்தாமல் பேசினார். "எவனோ ஒருத்தன் ஜெயிக்கிறதுக்கு நீங்க சாகணுமா? நான் என்ன செய்வேன்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"யோசிக்கல" என்றார் அவர். "அவனால முடிஞ்சா என்னாலயும் முடியும்னு தோணிச்சு. அவ்வளவுதான்மா."

மறுமுறை போனபோது பெடல் இல்லை. பெரிய டாக்டர் எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். முதல் கட்டிலில் டீச்சரும் இல்லை. காலை முறைக்கு மாற்றிக் கேட்டுப் போய்விட்டார் என்றார் சிஸ்டர். போன் செய்தால் எடுக்கவில்லை. ஜன்னலோரத்துக்கு வேறு ஒருவர் வந்தார், டி.வி.யை வேண்டாம் என்று அணைத்தார். மீதிப் பந்தயத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. ஸ்லோவேனியாக்காரன் ஜெயித்தான், டென்மார்க்காரன் இரண்டாவது வந்தான் என்று பிறகு தெரிந்தது. லிஃப்ட்காரர் அதைக் கேட்டு, "ம்" என்றார். முகம் மறுபடியும் சுவர்ப் பக்கம் போனது. இரண்டு வாரம் அப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, டீச்சர் வீடு தெரியுமா?"

தெரியும். மழை நாளில் இரண்டு முறை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். கிளம்பினோம். டீச்சர் தன் தங்கையோடு ஐந்தாவது மாடியில் இருந்தார். கீழே லிஃப்ட் கதவில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. ஒரு மாதமாகத் தொங்குகிறதாம். டயாலிசிஸ் முடிந்த உடம்போடு டீச்சர் வாரத்தில் மூன்று நாள் ஐந்து மாடி ஏறிக்கொண்டிருந்தார்.

நான் இரண்டாவது மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். லிஃப்ட்காரர் நிற்கவில்லை. குளிர்கால முடிவில் எங்கள் வாசல் படி மூன்றைக்கூடக் கைப்பிடியைப் பிடித்து ஏறிய மனிதர். நான் மூச்சிரைத்து மேலே போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், இவர் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களைக் கிண்டல் பண்ணிக் கிண்டல் பண்ணி நான்தான் அந்த நிலைமைக்குக் கொண்டுவந்தேன்" என்றார் டீச்சர். "முப்பத்துநாலு வருஷம் பிள்ளைங்களை உசுப்பிவிட்டே பழக்கம். எங்க நிறுத்தணும்னு தெரியாம போச்சு. உங்க வீட்டம்மா முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்ல."

"அவளே உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லித்தான் அனுப்பினா."

"என்ன சொன்னாங்க?"

"'டீச்சர் இருந்தப்போ நாலு கிலோ ரெண்டு கிலோவாச்சு. அவங்க போனதும் மூணரை ஆயிடுச்சு. போய்க் கூட்டிட்டு வாங்க'ன்னா." பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பு என்னோடது டீச்சர். நீங்க வாயால ஓட்டினீங்க, நான் காலால ஓட்டிட்டேன்" என்றார்.

டீச்சர் சிரித்துவிட்டார். அவர் தங்கையும் உள்ளேயிருந்து சிரித்தது கேட்டது.

திரும்பும்போது லிஃப்ட்காரர் காவலாளியிடம் சாவி கேட்டார். நான் தடுத்தேன். "கை வைக்க மாட்டேன் அண்ணே, காது மட்டும்தான்" என்றார். காவலாளி மெயின் சுவிட்சைப் போட, அவர் உள்ளே ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். லிஃப்ட் மூன்று மாடி ஒழுங்காகப் போய், நான்கில் ஒரு சிறு உதறலோடு நின்றது. கதவைத் திறந்து படியிறங்கிக் கீழே வந்து, அந்த லிஃப்ட்டைப் பராமரிக்கும் தன் பழைய கம்பெனிக்கே போன் போட்டார். "நாலாவது மாடிக் கதவுப் பூட்டுல காண்டாக்ட் தேய்ஞ்சிருக்கு. மோட்டாரைப் பிரிச்சு நேரத்தை வீணாக்காதீங்க. அதை மட்டும் மாத்துங்க." மறுநாள் மதியத்துக்குள் லிஃப்ட் ஓடியது.

அந்தப் போன்தான் அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தது. கண்டுபிடிக்க முடியாத பழுது என்று ஒரு மாதம் எழுதி வைத்திருந்ததைக் காதாலேயே முடித்துவிட்டார் என்று பேச்சு பரவியது. மேலாளர் அவரைக் கூப்பிட்டார். வேலைக்குப் போகிற மெக்கானிக்குகள் எங்கேயாவது திணறினால் போனை லிஃப்ட்டுக்குள் பிடிப்பார்கள். இவர் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டுச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் இல்லாத நாள்களில் முழு நேரம், இருக்கிற நாள்களில் காலை மட்டும். தூக்க வேண்டியது எதுவும் இல்லை. முதல் நாள் அவர் மனைவி தன் கடையிலேயே அவருக்குப் படிப்பதற்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். "சர்க்யூட் படத்தை மூக்குல ஒட்டிப் பார்க்காம இருங்க" என்றாராம்.

டீச்சர் மதிய முறைக்கே திரும்பினார். புதியவர் பெருந்தன்மையாக ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். பெடலும் வந்தது. பெரிய டாக்டர் போட்ட நிபந்தனை, முதல் இரண்டு மணி முடிந்ததும் சிஸ்டர் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி சிஸ்டர் கழுத்தில் தொங்கியது.

செப்டம்பர் கடைசி ஞாயிறு உலகப் பட்டத்துக்கான பந்தயம். லிஃப்ட்காரர் வீட்டுக்கு எங்கள் எல்லாரையும் அழைத்திருந்தார்கள். சின்ன வீடு, நாற்காலி போதாமல் சிஸ்டர் தரையில் உட்கார்ந்தார். டென்மார்க்காரன் அன்று ஓட்டவில்லை. அதனால் லிஃப்ட்காரர் யார் பக்கமும் இல்லாமல் நிம்மதியாகப் பார்க்கலாம் என்று இருந்தார்.

இன்னும் நூறு கிலோமீட்டர் இருக்கும்போதே ஸ்லோவேனியாக்காரன் எழுந்து மிதித்துப் போய்விட்டான். டீச்சர் பதறினார். "இது தப்புக் கணக்கு. இவ்வளவு தூரத்துல யாராவது போவாங்களா? விழுந்துடப் போறான். அணைச்சிடுங்க, என்னால பார்க்க முடியாது."

"அணைக்க மாட்டேன்" என்றார் லிஃப்ட்காரர். திரைக்கு அருகே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தோளைப் பாருங்க டீச்சர். ஆடல. கால் ஒரே சீராப் போகுது. எங்கயும் தேய்மானம் இல்ல. அவனுக்குத் தெரிஞ்சுதான் போறான். போவான்."

டீச்சர் இரண்டு விரல் இடுக்கில் பார்த்தார். கடைசி ஐம்பது கிலோமீட்டரும் அவன் தனியாகவே ஓட்டி வந்து கோட்டைக் கடந்தான்.

பிறகு லிஃப்ட்காரர் சொன்னார். "சரி. ஒப்புக்கிறேன். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா உங்க ஆளுதான். ஆனா நான் படுத்துக் கிடந்தப்போ எழுந்து உட்கார வச்சது அவன் இல்ல. அதனால நான் கட்சி மாற மாட்டேன்."

"மாறச் சொல்லி யாரு கேட்டா?" என்றார் டீச்சர். "நீங்க மாறிட்டா நான் யார்கூடப் பேசுறது?"

"நெதர்லாந்துக்காரன் மூணாவது வந்தான், யாராவது சொன்னீங்களா?" என்றார் சிஸ்டர் தரையிலிருந்து.

அப்போது லிஃப்ட்காரரின் மனைவி உள்ளறையிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்து டீச்சர் மடியில் வைத்தார். ஆஸ்பத்திரிக் காகிதம். அந்தம்மாவின் ரத்தமும் திசுவும் கணவருக்குப் பொருந்துகின்றன, ஒரு சிறுநீரகத்தைக் கொடுக்கலாம் என்று இருந்தது. நாலு மாதமாக, கணவரிடம்கூட முழுசாகச் சொல்லாமல், மதிய உணவு நேரத்தில் போய்ப் போய்ப் பரிசோதனை செய்து முடித்திருந்தார்.

"ஜனவரியில ஆபரேஷன் வச்சுக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றார். "அதுவரைக்கும் எடை ஏறாம நீங்கதான் பார்த்துக்கணும் டீச்சர்."

டீச்சர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். லிஃப்ட்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் முன்னால் வெட்கப்பட்டு, விடவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஜனவரி மூன்றாவது வாரம் ஆபரேஷன் நடந்தது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். ஆறாவது வாரம் ஒரு மதியம் அவர் எங்களைப் பார்க்க வந்தார். முகக்கவசம் போட்டிருந்தார்; தொற்றுக்குப் பயந்து உள்ளே விடமாட்டார்கள் என்பதால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். எங்கள் முன்னால் குடிக்கக் கூச்சப்பட்டு முதுகுக்குப் பின்னால் மறைத்தார். டீச்சர் கட்டிலில் இருந்தபடியே கையை அசைத்து, குடிங்க, குடிங்க என்று ஜாடை காட்டினார். அவர் மூடியைத் திறந்து, முகக்கவசத்தைக் கீழே இறக்கி, பாட்டிலில் பாதியை ஒரே மூச்சில் குடித்தார்.